வீடு தேடி வந்த கிருமி!

காலில் ஆறாத புண். கிழவரால் எழுந்து நடமாட முடியாது. ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், நர்சே வீட்டுக்கு வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவார். இங்கிலாந்தில் பல காலமாக உள்ள ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால், அந்த வழியாகவே கிருமியும் வீடு வீடாகப் போயிருக்கிறது!

2018, 2019 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இப்படி 10 தடவை நோய் பரவியது. 96 பேர் படுத்தார்கள். 28 பேர் செத்தார்கள். எசெக்ஸ் பகுதியில் மட்டும் 39 பேருக்கு நோய், 15 பேர் பலி. பெரும்பாலும் வயோதிகர்கள்.

கிருமியின் பெயர் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டையிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும். பலருக்குத் தொண்டை வலியோடு சரி. புண் வழியாக ரத்தத்தில் இறங்கினால் ஆளையே தீர்த்துவிடும். இத்தனைக்கும் பழைய பென்சிலினுக்கே அடங்குகிற கிருமி. நேரத்தோடு கொடுக்க வேண்டுமே!

அங்கேதான் கோட்டை விட்டார்கள். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு உடனே பொறி தட்டும். வீடுகளில்? இந்தத் தெருவில் ஒருவர். மூன்று வாரம் கழித்து வேறொரு தெருவில் இன்னொருவர். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? ஓரிடத்தில் 517 நாள் இழுத்தது! கிருமியின் வகையையும் மரபணுவையும் சோதித்த பிறகுதான் குட்டு உடைந்தது.

உடனே நர்சுகள் மேல் பாய்வது நியாயமல்ல. 366 ஊழியர்களைச் சோதித்ததில் ஒரே ஒருவரிடம்தான் கிருமி இருந்தது. கையா, பையா, கருவியா, எது கொண்டு போனது என்று ஆய்வாளர்களாலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. வார்டில் குழாயும் சோப்பும் கைக்கெட்டும் தூரத்தில். வீட்டில் பையை எங்கே வைப்பது என்பதே பிரச்சினை. தனியாக வந்து, கட்டை மாற்றி, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பாவம், அவர் என்ன செய்வார்?

கேட்க வேண்டியது அனுப்பிய அதிகாரிகளை. கருவிகளைச் சுத்தம் செய்தது, ஊழியர்களுக்கு மாத்திரை கொடுத்தது எல்லாம் நோய் பரவிய பிறகு. வீட்டுச் சிகிச்சைக்கென்று தனி விதிமுறை தேவை என்று ஆய்வாளர்கள் எழுதியது 2022-ல். எந்த வீட்டுக்கு, எந்த நாளில், யார் போனார் என்று ஒரு நோட்டு இருக்க வேண்டும். ஒருவருக்கு நோய் கண்ட அன்றைக்கே அதை யாராவது புரட்டிப் பார்க்க வேண்டும். 28 பேர் செத்த பிறகாவது இதைச் செய்யக் கூடாதா?