ஆளுயர ஸ்பீக்கர், அரையடி அறிவு

தீபாவளிக்கு முன் ஜொகூரின் பொந்தியானில் ஒரு தாமான் (குடியிருப்பு) வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வந்து இறங்கின. ஒன்று கண்ணாடி அலமாரிக்கும் சுவருக்கும் இடையே மூலையில் செருகப்பட்டது. மற்றது சோபாவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில். பாட்டைப் போட்டதும் ஜன்னல் அதிர்ந்தது. வீட்டுக்காரர் முகத்தில் பெருமிதம்: "பெரிய பெட்டி, அண்ணே. எங்க வெச்சாலும் பேசும்!"

பேசும்தான். எங்கிருந்து பேசுகிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இந்தப் 'பெரிய பெட்டி' பக்திக்கு பிபிசியின் எல்எஸ் 3/5ஏ ஒன்றே போதுமான பதில். வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் அடங்கவேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்த ஸ்பீக்கர் அது. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19. ஜன்னலை அதிரவைக்கும் பாஸ் அதனிடம் கிடையாது. ஆனால் பாடகர் எங்கே நிற்கிறார், வயலின் எந்தப் பக்கம் என்று துல்லியமாகக் காட்டுவதில் இன்றுவரை அதற்குத் தனிப் பெயர் உண்டு.

ஸ்டீரியோ பிறந்ததே அதற்காகத்தானே? ஆலன் புளும்லைன் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது சத்தத்தை இரட்டிப்பாக்க அல்ல. நடுவில் ஸ்பீக்கரே இல்லாமல் குரல் நடுவில் நிற்கும் வித்தை அது. இரு பக்க ஒலியும் ஒரே நேரத்தில் காதை எட்டினால்தான் அது பலிக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் பாய்கிறது. ஒரு ஸ்பீக்கர் ஓர் அடி கிட்டே இருந்தால் அதன் ஒலி ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி முந்திவிடும். அந்த இடைவெளி போதும், பாடகர் மேடையை விட்டிறங்கி அந்தப் பெட்டிக்குள்ளேயே குடியேறிவிடுவார். முதுகுக்குப் பின்னால் பெட்டி வைத்தவர் வீட்டில் பாடகர் எங்கே போவார், பாவம்!

மூலைக்கு வேறு குணம். இரண்டு சுவரும் தரையும் சேரும் இடம் பாஸை ஊதிப் பெருக்கும். அந்தத் 'தும் தும்'தான் கொடுத்த காசுக்குக் கிடைத்த தரம் என்று மகிழ்கிறார்கள். எல்எஸ் 3/5ஏ போன்ற குட்டிப் பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, காதுமட்டத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, இரு பெட்டிகளையும் நாற்காலியையும் சமபக்க முக்கோணமாக அமைத்தால் ஆளுயரப் பெட்டியின் கௌரவம் என்னாகும்?

தமிழில் முதல் ஸ்டீரியோ ஒலிப்பதிவு என்று பெயர்பெற்ற 'பிரியா' திரைப்படம் 1978இல் வந்தது. பெரும்பகுதியைப் படம் பிடித்ததும் தொலைவில் அல்ல, ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில். இளையராஜா வலமும் இடமுமாகப் பிரித்து வைத்த இசையை இன்னும் மாடிப்படிக்கு அடியில் அடைத்துக் கேட்கிறது ஜொகூர்.

கல்யாண மண்டபங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் சாம்பார் கேட்கக்கூட சைகைதான். கார் பூட்டில் சப்வூஃபர் ஏற்றி நள்ளிரவில் தெருவை எழுப்பும் இளைஞர்களும், அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'பிஎம்பிஓ வாட்ஸ்' என்று ஊதிப் பெருக்கிய சக்தி அளவை அச்சடிக்கும் வியாபாரிகளும் அதே பக்தியின் கிளைகள். கட்டைவிரல் தடிமன் கம்பியை மீட்டர் கணக்கில் விற்கும் கடையில் ஒரு ஜோடி ஸ்டாண்டு கேட்டுப் பாருங்கள், ஸ்டாக் இருக்காது.

அந்தத் தடித்த கம்பியில் ஒரு பக்கம் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் நடுக்குரல் கலைந்துபோகும், பாஸும் மெலியும். குரல் கலைந்ததை யாரும் கவனிக்கமாட்டார்கள். பாஸ் குறைந்ததும், இன்னும் பெரிய பெட்டி வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.