எந்தக் கடைவீதி நல்ல கடைவீதி?

சென்னைக்கு விருந்தினர் வந்தால் முதல் நாள் கடற்கரை, மறுநாள் கடைவீதி என்பது எங்கள் வீட்டில் எழுதாச் சட்டம். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்த என் சித்தி மகள், "இங்கே எந்தக் கடைவீதி நல்லது, அக்கா?" என்று கேட்டாள். கேள்வி சிறியதுதான். வீட்டிலோ அது ஒரு பட்டிமன்றத்தையே கூட்டிவிட்டது.

பாட்டியின் ஓட்டு மூர் மார்க்கெட்டுக்கு. 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. பாட்டியின் பேச்சில் மட்டும் அது இன்னும் எரியவில்லை! எட்டணாவுக்குப் பழைய புத்தகம் பேரம் பேசி வாங்கிய கதையை நூறு முறையாவது கேட்டிருப்பேன். அம்மா ஸ்பென்சர் பிளாசாவின் பக்கம். 1983-இல் பழைய ஸ்பென்சர் கட்டடம் எரிந்தபின் அண்ணா சாலையில் அதே இடத்தில் எழுந்தது அது. அம்மாவின் கல்லூரி நாட்களில் அங்கே போய்வருவதே ஒரு திருவிழாவாம். இப்போது அங்கே பழைய கூட்டம் இல்லை. அப்பாவுக்குப் பிடித்தது பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாம் இழந்து திரும்பிய நம்மவர்கள் பிழைக்க வழி தேடி 1969-இல் போட்ட கடைகள் என்பதால் அதன்மேல் அவருக்குத் தனி மரியாதை.

என் வகுப்புத் தோழியரைக் கேட்டால் ராயப்பேட்டையில் 2010-இல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ என்பார்கள். இல்லையேல் வேளச்சேரி பீனிக்ஸ் என்பார்கள். குளுகுளு காற்று, நகரும் படிகள், சுத்தமான கழிப்பறை. ஒன்றும் வாங்காமலே அரை நாளைக் கழிக்கலாம். விலைச்சீட்டைப் பார்த்தபின் பெரும்பாலும் அப்படித்தான் கழிக்கிறோம்!

நிற்க. (நிற்பதைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.)

தங்கைக்குத் துணி எடுக்க ரங்கநாதன் தெருவுக்கே போனோம். மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் இடையே கிடக்கும் அந்தச் சின்னத் தெருவில் பண்டிகைக் காலத்தில் நாம் நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நம்மை நடத்திக்கொண்டு போகும். நிலையத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு 2023-இல் மேலே ஒரு நடைபாலம் போட்ட பிறகும் கீழே நெரிசலுக்குக் குறைவில்லை. விலையோ நம் கைக்கு எட்டும். ஒரு பெரிய துணிக்கடையின் மூன்றாம் மாடியில் பாட்டி ஒரு நாற்காலியில் சாய்ந்தார். எதிரே எங்களுக்காக முப்பது பாவாடைகளையாவது பிரித்துக் காட்டிய பெண்ணுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூடுதலாக இருக்கும்.

"ஏம்மா, நீ உட்காரமாட்டியா?" என்று பாட்டி கேட்டார்.

"காலையிலேருந்து நிக்கிறேன் பாட்டி. பழகிப்போச்சு. உட்கார்ந்தா மேலாளர் சத்தம் போடுவார்."

அவள் கால்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்த இடத்தில் வீக்கம் தெரிந்தது. அதன்பின் எனக்கு எந்த நிறமும் பிடிக்கவில்லை.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலேயே சட்டம் செய்தது. 2021-இல் நம் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அதையே செய்தது. வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர் அமர வேண்டும். நாள் முழுதும் கால்கடுக்க நிற்க வைக்கக் கூடாது. சட்டம் சொல்வது இவ்வளவுதான். இத்தெருவுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளின் பாட்டை 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் எல்லாருக்கும் காட்டியது. படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாமே மறுவாரம் அங்கே போய், "இன்னும் பத்து எடுத்துப் போடுங்க" என்கிறோமே!

ஆகவே, வாசகத் தோழியரே, என் ஓட்டு பாண்டி பஜாருக்கு. 2019-இல் அங்கே நடைபாதையை அகலமாக்கி இருக்கைகளும் போட்டார்கள். முதியவரும், கைக்குழந்தைக்காரியும், ஒன்றும் வாங்காதவரும் அமரலாம். அங்குள்ள கடைகளெல்லாம் உத்தமம் என்று நான் சொல்லவில்லை. பளபளக்கும் பேரங்காடிகளிலும் கண்ணாடி மேசைக்குப் பின்னால் பெண்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் வருகிறவர் உட்கார வேண்டும் என்று ஒரு தெருவே நினைத்திருக்கிறது. விற்கிறவரும் உட்கார வேண்டும் என்று கடைகள் நினைக்க, நாம்தான் கேட்க வேண்டும். காசு கொடுப்பவர் கேட்டால் காதில் விழும்.

பாட்டி கேட்கத் தொடங்கிவிட்டார். புத்தாண்டுக்கு முதல்நாள் ஒரு சிறு கடைக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு முக்காலி இருந்தது. அதன்மேல் சட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பாட்டி கடைக்காரரைப் பார்த்து, "ஐயா, அந்தப் பெட்டியெல்லாம் கொஞ்சம் கீழே வையுங்க. பொண்ணு உட்கார்ந்தே எடுத்துக் காட்டட்டும். எனக்கு அவசரமில்லை" என்றார். அவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு தாமே எழுந்து பெட்டிகளை இறக்கினார்.