கிக்கரா, பட்டனா?

2023 செப்டம்பரில் வந்த புதிய புல்லட் 350-ல் கிக்கர் கிடையாது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-லேயே அதை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலால் பட்டனை அழுத்தினால் போதும், வண்டி கிளம்பிவிடும்.

"அப்பாடா!" என்கிறார்கள் பிள்ளைகள். "உதைக்காமல் எடுத்தால் அது புல்லட்டா?" என்கிறார்கள் அப்பாக்கள்.

மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு கடைசியில் பணத்தில் போய் நிற்கும். தென்பெண்ணைக் கரையில், கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் அது. சுற்றிலும் கரும்பு. வயலுக்கும் ஆலைக்கும் அலைய, சங்கராபுரம் வரை போய்வர, வண்டி எடுத்ததும் கிளம்ப வேண்டும். வீட்டில் பழைய புல்லட் ஒன்று நின்றால், அதை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் பட்டன் வண்டி வாங்குவதா என்ற கேள்வி ஒருநாள் வந்தே தீரும். பதில் சொல்லும் முன், கிக்கர் என்ன செய்கிறது, பட்டன் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பலம் அல்ல, பதம்

1955-ல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கியது. அங்கே தயாரான பழைய புல்லட்டில் 346 சிசி கொள்ளளவுள்ள ஒரே ஒரு பெரிய சிலிண்டர். உள்ளே பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் அழுத்தி மேலே வரும் நேரத்தில் கிக்கரை மிதித்தால், சுவரை உதைப்பதுபோல் இருக்கும். எவ்வளவு பலசாலியானாலும் கால்தான் வலிக்கும்.

மைசூரில் தயாரான ஜாவாவில் இந்தத் தொல்லை குறைவு. அது டூ ஸ்ட்ரோக் வண்டி, லேசாக உதைத்தாலே எடுக்கும். அதன் கிக்கரை மடக்கினால் அதுவே கியர் லிவராகிவிடும்!

புல்லட்டுக்கு ஒரு பதம் உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், நடுவுக்கு வரும். கிக்கர் கெட்டியாகி, முள்ளும் நடுவில் நின்றால் பிஸ்டன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஹேண்டில்பாரில் உள்ள சின்ன டீகம்ப்ரஷர் லிவரைப் பிடியுங்கள். அது எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து, உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிடும். கிக்கரைக் கொஞ்சம் மட்டும் கீழே நகர்த்துங்கள். பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். லிவரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். பிறகு உடம்பின் எடையைப் போட்டு, கடைசிவரை ஒரே மிதி.

சரியாகச் செய்தால் ஒன்றிரண்டு மிதியில் எடுத்துவிடும். அறுபது வயதுப் பெரியவர் அலட்டாமல் எடுக்கும் வண்டியை, இருபது வயதுப் பேரன் பத்து முறை உதைத்தும் எடுக்க முடியாததன் காரணம் இதுதான். தாத்தாவின் காலுக்குப் பிஸ்டன் நிற்கும் இடம் தெரியும்.

அரைமனதாக மிதிப்பதுதான் ஆபத்து. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே பிளக்கில் பொறி விழுந்தால், எஞ்சின் பின்பக்கம் சுற்றி, கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். கணுக்காலும் முழங்காலும் தாங்காது. ஆகவே செருப்புக் காலோடு, முழங்காலை விறைத்துக்கொண்டு உதைக்கவே கூடாது. அடிக்கடி திருப்பி அடித்தால் மெக்கானிக்கிடம் டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பட்டன் திறந்த கதவு

கார்களுக்கும் ஒரு காலத்தில் இதே கதைதான். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்து மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் வந்தது. கை பலம் இல்லாதவர்களும் தனியாகக் கார் எடுக்க முடிந்தது.

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது 1984-ல் வந்த கைனெடிக் ஹோண்டா. கியரும் இல்லை, உதையும் வேண்டாம். புடவை கட்டிய பெண்ணும், முட்டிவலி உள்ள அப்பாவும் யாரையும் கூப்பிடாமல் வண்டியை எடுத்தார்கள். பெடலை மிதித்துக் கிளப்பிய டிவிஎஸ் 50-ன் வழியில் வந்த எக்ஸ்எல் 100-க்கும் இப்போது பட்டன் வந்துவிட்டது.

மலைப்பாதையில் பட்டனின் அருமை இன்னும் நன்றாகப் புரியும். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும்போது, வளைவில் வண்டி நின்றுபோனால், சரிவில் ஒரு காலை ஊன்றி மறு காலால் உதைப்பது பெரும்பாடு. பின்னால் மனைவியும் குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பட்டன் வண்டியில் பிரேக்கையும் கிளட்சையும் பிடித்து அழுத்தினால் முடிந்தது.

பேட்டரிதான் உயிர்

ஆனால் பட்டன் முழுக்க முழுக்கப் பேட்டரியை நம்பி இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நிறைய கரன்ட் வேண்டும். பிளக்கில் பொறி வரக் கொஞ்சம் போதும். அதனால்தான், பட்டனை அழுத்தினால் 'டக் டக்' என்று மட்டும் சொல்லும் சோர்ந்த பேட்டரி, கிக்கருக்குக் கைகொடுக்கும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பெரும்பாலும் உதைத்தும் பயனில்லை.

2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, புல்லட்டிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும்கூட இப்போது கரன்ட் வேண்டும். பேட்டரி செத்தால் கிக்கர் இருந்தும் உதவாது. கிக்கர் விடைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயங்கள்:

• பட்டனை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். எடுக்காவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி அழுத்துங்கள்.

• வண்டியை எடுக்காமல் ஓரிரவு நிறுத்தி, காலையில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்.

• சோர்ந்த பேட்டரியோடு திரும்பத் திரும்ப அழுத்தினால் எஞ்சின் பின்னோக்கி உதறி, ஸ்டார்ட்டரோடு சேர்ந்த ஸ்ப்ராக் கிளட்ச் கெட்டுவிடலாம். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் புது பேட்டரி மலிவு.

சரி, விற்பதா வைப்பதா?

கௌரவத்தைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கணக்குப் போடுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்காவது மூச்சுத் திணறினால், வீட்டில் எத்தனை பேரால் அந்த வண்டியை எடுக்க முடியும்? 'அப்பாவால் மட்டும்தான்' என்பது பதில் என்றால், அந்த வீட்டுக்குப் பட்டன் உள்ள வண்டி ஒன்று கட்டாயம் வேண்டும். ஒரு பழைய ஸ்கூட்டராக இருந்தாலும் போதும்.

அதற்காகப் புல்லட்டை உடனே விற்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, ஆம்ப் மீட்டர் முள்ளை மகனுக்கும் மகளுக்கும் காட்டுங்கள். பதம் பிடிபட்டால், வண்டி அடுத்த தலைமுறைக்கும் வீட்டிலேயே இருக்கும்.