யார் வீட்டுப் பாட்டி?

நண்பர் ஒருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். பதினோராவது மாடி. கிரகப்பிரவேசத்துக்குப் போக முடியாததால் ஒரு வாரம் கழித்துப் போனேன். கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் ஒரு பாட்டி. தேக்குச் சட்டம், பழுப்பேறிய படம், காதில் பெரிய தோடு, கண்டாங்கிச் சேலை, பக்கத்தில் வட்ட மேஜை, மேஜை மேல் பூச்சாடி. பாட்டிக்காகவே அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடர் மஞ்சள் அடித்திருந்தார்கள். மற்ற மூன்றும் வெள்ளை.

என் கை தானாகவே கும்பிடப் போனது. “உங்க பாட்டியா சார்?” என்றேன்.

“அட, இல்ல சார். காரைக்குடில வாங்கினது. ஆறாயிரம் சொன்னான், நாலாயிரத்துக்கு முடிச்சேன். ஃபிரேமே அவ்வளவு பெறும்!”

“அப்ப உங்க பாட்டி?”

மேலே கையைக் காட்டினார். சொர்க்கத்தைச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். லாஃப்ட்டைக் காட்டியிருக்கிறார். பழைய பெட்ஷீட் சுற்றி, உடைந்த சூட்கேஸுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறாராம். “இந்த இன்டீரியருக்கு செட் ஆகலைன்னு டிசைனர் சொல்லிட்டாங்க சார்.”

சொந்தப் பாட்டி செட் ஆகவில்லை. ஊரார் பாட்டி செட் ஆகிறார்!

இது ஒரு வீட்டுக் கதை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ‘செட்டிநாடு’ என்று போர்டு மாட்டிய ஹோட்டல்களுக்குப் போய்ப் பாருங்கள். கல்லாவுக்குப் பின்னாலும் கை கழுவும் இடத்துக்கு மேலேயும் யார் யாரோ தாத்தா பாட்டிகள் தொங்கிக்கொண்டு, நாம் பெப்பர் சிக்கன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, நிலைக்கதவு, மரப்பெட்டி, நடுநடுவே சட்டம் போட்ட மனிதர்கள். பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் தாண்டிச் சம்பாதித்த பணத்தில் எழும்பியவை அந்த வீடுகள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தத் தொழிலின் முதுகெலும்பு முறிந்தது. வீடு மட்டும் நின்றது. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குகள். ஒருவர் சென்னையில், ஒருவர் அமெரிக்காவில். ஓட்டை மாற்ற யார் காசு போடுவது? கடைசியில் பிரித்து விற்கிறார்கள். பர்மா தேக்குத் தூணோடு பாட்டியும் லாரி ஏறுகிறார்.

“வாங்காவிட்டால் அடுப்புக்குத்தானே போகும்?” என்று கேட்பீர்கள். தூணுக்கும் கதவுக்கும் அந்த வாதம் சரி. வாங்குங்கள், எண்ணெய் தடவி இன்னும் நூறு வருஷம் நிற்க வையுங்கள், புண்ணியம். ரவிவர்மா படமா, தாராளமாக மாட்டுங்கள். 1894-ல் அவர் பம்பாயில் அச்சகம் வைத்ததே லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கான வீட்டுச் சுவர்களுக்குப் போகட்டும் என்றுதான். பாட்டியின் படம் அப்படி இல்லை. ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு சுவருக்காக எடுத்தது. அதற்குக் கீழே நின்று யாரோ பரீட்சைக்குப் போகும்போது கும்பிட்டிருக்கிறார்கள். பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயந்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் உயிரோடு இருக்கும்போது படமே எடுக்க மாட்டார்கள். ஆயுசு குறையும் என்று பயம். போன பிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பார்கள். மூடிய கண்ணை ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் திறந்துவைப்பார். உங்கள் டைனிங் டேபிளுக்கு மேலே ‘விண்டேஜ்’ என்று மாட்டியிருப்பது ஒரு வீட்டின் சாவாகவும் இருக்கலாம்.

நிறத்திலும் இதே கூத்துதான். ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்த்து உருகாதவர் இல்லை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கலவையைக் கையால் ஊற்றி, சூளையில் சுடாமலே எடுக்கிறார்கள். அற்புதமான வேலை. அந்த நிறத்தைக் காலுக்குக் கீழே போட்டால் ‘ஹெரிடேஜ்’. அதே பச்சையையும் ரோஸையும் ஓர் ஆட்டோ டிரைவர் தன் வீட்டு வெளிச்சுவருக்கு அடித்தால் ‘ராமராஜன் கலர்’ என்று சிரிக்கிறோம். நிறம் ஒன்றுதான். யார் அடித்தார்கள் என்று பார்த்துத்தான் நமக்கு ரசனை வருகிறது, போகிறது.

நான் மட்டும் ஒழுங்கா? எங்கள் வீட்டில் இருந்த பித்தளை அண்டாவையும் கூஜாவையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியபோது பக்கத்திலேயே நின்று தராசு முள்ளைப் பார்த்தவன் நான். இன்று அதே மாதிரி கூஜாவைக் கடையில் பார்த்து விலை கேட்டுவிட்டு நகர்கிறேன். கூஜாவாவது காசு கொடுத்தால் இன்னொன்று கிடைக்கும். எங்கள் வீட்டுப் பழைய குரூப் போட்டோ ஒன்றில் தாத்தாவுக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு ஒருவர் நிற்கிறார். பெயர் தெரியவில்லை. தெரிந்த கடைசி ஆள் என் அத்தை. அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை.

வீட்டை அழகுபடுத்த ஐடியா தேடி எங்கெங்கோ அலைகிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்டூலைப் போட்டு லாஃப்ட்டில் ஏறுங்கள். அஞ்சறைப்பெட்டி இருக்கும், மரப்பாச்சி இருக்கும், கையால் வண்ணம் தீட்டிய கல்யாணப் படம் இருக்கும். தூசி தட்டி அந்த மஞ்சள் சுவரில் மாட்டுங்கள். செட் ஆகவில்லை என்று டிசைனர் சொன்னால் டிசைனரை மாற்றுங்கள், பாட்டியை மாற்றாதீர்கள்.

மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை. வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் கேட்டு, படத்தின் பின்னால் ஒரு பென்சிலால் பெயர், ஊர், வருஷம் எழுதிவையுங்கள்.

இல்லாவிட்டால் அறுபது வருஷம் கழித்து எவனோ ஒருவன் உங்களை நாலாயிரத்துக்கு வாங்கி, கை கழுவும் இடத்துக்கு மேலே மாட்டுவான். “ஃபிரேம் நல்லா இருந்துச்சு” என்பான்.