இருட்டிலும் திறந்திருக்கும் கடைகள்: உக்ரைன் நகரங்கள் நமக்குச் சொல்வது என்ன?

2022 அக்டோபர் 10ஆம் தேதி காலை உக்ரைனின் பல நகரங்கள் மீது ஒரே நேரத்தில் ரஷ்ய ஏவுகணைகள் பாய்ந்தன. இரண்டு நாள்களுக்கு முன்னர் கிரைமியாவை ரஷ்யாவுடன் இணைக்கும் கெர்ச் பாலத்தில் நடந்த குண்டுவெடிப்புக்கான பதிலடி இது என்று ரஷ்ய அதிபர் புதின் அறிவித்தார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு தாக்குதலின் முக்கிய இலக்குகளில் ஒன்றாக நிலைத்துவிட்டது மின்சாரம்தான். மின்நிலையங்கள், துணை மின்நிலையங்கள், மின்மாற்றிகள் என்று தேடித்தேடி அடித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 23 அன்று உக்ரைனின் அணுமின் நிலையங்கள் அனைத்தும் மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டன. தலைநகர் கீவில் மின்சாரத்தோடு குடிநீரும் நின்றது. போரில் பங்கேற்காத அண்டை நாடான மால்டோவாவின் பெரும்பகுதியும் அன்று இருளில் மூழ்கியது.

இத்தனைக்குப் பிறகும் மறுநாள் காலை கீவில் கடைகள் திறந்தன. தேநீர் விடுதிகளில் ஜெனரேட்டர்கள் உறுமின. முடிதிருத்துபவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். உலக ஊடகங்கள் இதைப் படம்பிடித்து அம்மக்களின் மன உறுதியைப் பாராட்டின. அந்தப் பாராட்டுக்கு அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் அதோடு நின்றுவிட்டால் நாம் பாதிச் செய்தியை மட்டுமே படித்தவர்களாவோம். மன உறுதி மட்டும் ஒரு நகரத்தை இயக்குவதில்லை. அந்த உறுதிக்குப் பின்னால் என்னென்ன ஏற்பாடுகள் இருந்தன, அவற்றின் செலவை யார் சுமந்தார்கள், அதே ஏற்பாடுகள் மறுக்கப்பட்ட மக்களின் நிலை என்ன என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

அட்டவணை என்னும் அடிப்படை

உக்ரைனின் மின்வெட்டு இரண்டு வகையாக இருந்தது. ஒன்று, முன்கூட்டியே அறிவித்துச் செய்யப்படும் வெட்டு. நுகர்வோர் பல பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்தப் பிரிவுக்கு எந்த நேரத்தில் மின்சாரம் இருக்காது என்பது கைப்பேசிக்கே வந்துவிடும். மற்றொன்று, தாக்குதலுக்குப் பிறகு மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்துவிடாமல் தடுக்க உடனடியாகச் செய்யப்படும் அவசர வெட்டு. அப்போது எந்த அட்டவணையும் செல்லாது.

இந்த வேறுபாட்டை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நான்கு மணி நேரம் மின்சாரம் இருக்காது என்று முன்னரே தெரிந்தால், இல்லத்தரசி அதற்கு முன்பே சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து வைத்துவிடுவார். ரொட்டி சுடுபவர் மாவு பிசையும் நேரத்தை மாற்றிக்கொள்வார். தையற்கூடம் இரவுப் பணிக்கு ஆட்களை வரச் சொல்லும். எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாத நிலையில் இவை எதுவும் நடக்காது. அடுப்பில் வைத்த ரொட்டி பாதியில் நின்றால் அது கழிவுதான்.

அட்டவணையோடு வேறு சில ஏற்பாடுகளும் சேர்ந்தன. 2022 நவம்பரில் அரசு 'வெல்லமுடியாமையின் மையங்கள்' என்ற பெயரில் நாடெங்கும் ஆயிரக்கணக்கான இடங்களைத் திறந்தது. கூடாரங்களிலும் பள்ளிக் கட்டடங்களிலும் அமைந்த இவற்றில் வெப்பம், குடிநீர், இணையம், கைப்பேசிக்கு மின்னேற்றும் வசதி ஆகியவை இலவசமாகக் கிடைத்தன. நாட்டின் மத்திய வங்கி, மின்வெட்டிலும் இயங்கக்கூடிய வங்கிக் கிளைகளை ஒரு கூட்டு வலையமைப்பாக இணைத்தது. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் வேறு வங்கியின் கிளையிலும் பணம் எடுக்க முடிந்தது. கைப்பேசி நிறுவனங்கள் போரின் தொடக்கத்திலேயே ஒன்றின் கோபுரத்தை மற்றொன்றின் வாடிக்கையாளரும் பயன்படுத்த வழி செய்திருந்தன.

மக்கள் தாமாகவே செய்தவையும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மின்தூக்கிக்குள் ஒரு பெட்டியில் தண்ணீர், பிஸ்கட், விளக்கு, மருந்து ஆகியவற்றை வைத்தார்கள். நடுவழியில் மாட்டிக்கொள்ளும் அண்டை வீட்டார் மணிக்கணக்கில் உள்ளேயே இருக்க நேரலாம் அல்லவா? யாரென்று தெரியாத ஒருவருக்காக வைக்கப்பட்ட அந்தப் பெட்டியில் அயலார் உரிமை என்று நாம் சொல்வதன் பொருள் இருக்கிறது.

சிறுவணிகரின் கணக்கு

பாராட்டுகளுக்கு நடுவே மறைந்துபோகும் விஷயம் செலவுக் கணக்கு. ஜெனரேட்டரில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல் தேவைப்படும். நம் ஊர் டீசல் விலையில் கணக்கிட்டால் எரிபொருளுக்கு மட்டுமே யூனிட்டுக்கு 30 ரூபாய் ஆகிவிடும். இயந்திரத்தின் விலை, பராமரிப்பு, உதிரி பாகங்கள் எல்லாம் இதற்கு மேல். உக்ரைன் வணிகர்களும் இதே போன்ற கணக்கைத்தான் போட வேண்டியிருந்தது. ஜெனரேட்டர், பேட்டரி போன்றவற்றுக்கான இறக்குமதித் தீர்வையையும் வரியையும் அரசு தற்காலிகமாக நீக்கியது அவர்களுக்குப் பேருதவியாக அமைந்தது.

ஆனாலும் எல்லா வணிகங்களும் ஒன்றல்ல. முடிதிருத்தகத்துக்கு ஒரு சிறு பேட்டரி போதும். தேநீர் விடுதி, பட்டியலைச் சுருக்கி, எரிவாயு அடுப்பில் செய்யக்கூடியதை மட்டும் விற்றுச் சமாளிக்கும். இறைச்சி, பால், உறைபொருள் விற்பவர்களால் அது முடியாது. குளிர்பெட்டி நின்றால் முதலே போய்விடும். பெரிய அங்காடிகளிடம் பெரிய ஜெனரேட்டர்கள் இருந்ததால் இருட்டில் கூட்டம் அங்கே போனது. தெருமுனைக் கடைக்காரர் அன்றைய வாடிக்கையாளரையும் இழந்தார், கெட்டுப்போன சரக்கையும் இழந்தார்.

2024இல் இந்த இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தமக்குத் தேவையான மின்சாரத்தின் பெரும்பகுதியை ஐரோப்பிய நாடுகளிலிருந்து விலைகொடுத்து வாங்கும் நிறுவனங்களுக்கு மின்வெட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆலைகள் இயங்கினால்தான் வேலையும் வரியும் நிற்கும் என்ற அளவில் அது புரிந்துகொள்ளத்தக்க முடிவு. ஆனால் ரொட்டிக் கடைக்காரர் எந்த நாட்டிலிருந்து மின்சாரம் இறக்குமதி செய்வார்? அதே ஆண்டு ஜூன் 1 முதல் வீட்டு மின்கட்டணமும் யூனிட்டுக்கு 2.64 ஹிரிவ்னியாவிலிருந்து 4.32 ஹிரிவ்னியாவாக உயர்ந்தது. போரின் செலவு கடைசியில் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதற்கு இதுவே போதிய சான்று.

கம்பியை ஒட்டுவது வேறு, நிலையத்தைக் கட்டுவது வேறு

2022 குளிர்காலத்தில் அதிகம் அடிபட்டவை மின்மாற்றிகளும் துணை மின்நிலையங்களும். மின்சாரம் ஓரளவு உற்பத்தியானது, கொண்டுசேர்ப்பதுதான் சிக்கலாக இருந்தது. பழுதுபார்க்கும் பணியாளர்கள் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தார்கள். மாற்று மின்மாற்றிகள் பல நாடுகளிலிருந்து வந்தன. 2023 வசந்த காலத்தில் நிலைமை பெருமளவு சீரானது.

2024 மார்ச் முதல் தாக்குதலின் திசை மாறியது. உற்பத்தி நிலையங்களே குறிவைக்கப்பட்டன. மார்ச் 22 அன்று தினிப்ரோ நீர்மின் நிலையம் அடிபட்டது; கார்கிவ் நகரம் முழுவதும் இருண்டது. ஏப்ரல் 11 அன்று கீவ் மாகாணத்தின் மிகப்பெரிய அனல்மின் நிலையமான திரிப்பில்யா அழிக்கப்பட்டது. அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் 9,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட உற்பத்தித் திறனை இழந்துவிட்டதாக உக்ரைன் அரசு கூறியது. ஐரோப்பாவின் மிகப்பெரிய அணுமின் நிலையமான ஜபோரிஷியா 2022 மார்ச் முதலே ரஷ்யாவின் பிடியில் இருக்கிறது. ஆகவேதான் குளிரே இல்லாத 2024 கோடையில்கூட கீவ்வாசிகள் நாளின் பாதியை மின்சாரமின்றிக் கழித்தார்கள்.

அப்போதும் கட்டமைப்பு முற்றாகச் சரியாமல் காத்ததில் ஐரோப்பியத் தொடர்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2022 மார்ச் 16 அன்று, போர் தொடங்கிய மூன்று வாரங்களில், உக்ரைனின் மின்கட்டமைப்பு ஐரோப்பியக் கட்டமைப்போடு இணைக்கப்பட்டது. மின்சாரம் எல்லை தாண்டி வந்தது. ஜெனரேட்டரும் டீசலும் பேட்டரியும் சாலை வழியாக வந்தன. கீவின் விளக்குகள் எரிந்ததன் பின்னணியில் திறந்த எல்லை இருக்கிறது.

எல்லை மூடப்பட்டால்?

இந்த இடத்தில் காஸாவை நினைக்காமல் நம்மால் கடந்து செல்ல முடியாது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் காஸாவுக்கான மின்சாரத்தை நிறுத்தியது. எரிபொருளையும் தடுத்தது. காஸாவின் ஒரே மின்நிலையம் அக்டோபர் 11 அன்று எரிபொருள் தீர்ந்து நின்றது. 2025 மார்ச்சில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றுக்குச் சென்றுகொண்டிருந்த மின்சாரமும் துண்டிக்கப்பட்டது.

காஸா மக்களிடம் மன உறுதிக்குப் பஞ்சமா? இடிபாடுகளிலிருந்து எடுத்த சூரியத் தகடுகளை வைத்துக்கொண்டு, சிறு கட்டணத்துக்குக் கைப்பேசிக்கு மின்னேற்றித் தரும் கடைகளை அங்கே இளைஞர்கள் நடத்தினார்கள். வணிக முயற்சியும் இருந்தது, அயலார் உதவியும் இருந்தது. டீசலும் மாவும் உள்ளே வரும் வழிதான் இல்லை. ஆகவே ரொட்டிக் கடைகள் மூடின, மருத்துவமனைகளின் ஜெனரேட்டர்கள் நின்றன. கீவின் இதய மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் போனபோது கைவிளக்கு ஒளியில் அறுவை சிகிச்சையை முடித்த மருத்துவர்களை உலகம் போற்றியது. காஸாவின் மருத்துவர்களும் கைவிளக்கோடுதான் நின்றார்கள். அவர்களுடைய இருட்டு நாள் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீண்டது.

அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும்

மின்நிலையம் ராணுவத்துக்கும் பயன்படுகிறது என்பதே தாக்குபவர் எப்போதும் சொல்லும் வாதம். போர்ச் சட்டம் அந்த வாதத்தை முற்றாக மறுப்பதில்லை. ஆனால் கிடைக்கும் ராணுவப் பயனைவிடப் பொதுமக்களுக்கு விளையும் தீங்கு மிகையாக இருக்கக் கூடாது என்று வரம்பு விதிக்கிறது. இந்த அடிப்படையில்தான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரஷ்யத் தளபதிகளான கோபிலாஷ், சொகோலோவ் ஆகியோருக்கும், ஜூனில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஷொய்கு, ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமோவ் ஆகியோருக்கும் கைது ஆணை பிறப்பித்தது. அதே நீதிமன்றம் நவம்பர் 21 அன்று நெதன்யாகுவுக்கும் கேலண்ட்டுக்கும் பிறப்பித்த ஆணைகளில், உணவு, நீர், மருந்து ஆகியவற்றோடு எரிபொருளும் மின்சாரமும் மறுக்கப்பட்டது சுட்டிக்காட்டப்பட்டது.

2023இல் புதினுக்கு எதிரான கைது ஆணையை நியாயமானது என்ற அன்றைய அமெரிக்க அதிபர் பைடன், நெதன்யாகுவுக்கு எதிரான ஆணையை அடாத செயல் என்று கண்டித்தார். இந்த இரட்டை அளவுகோலை நாம் சுட்டிக்காட்டுவது சரியே. ஆனால் நம் கையில் இருக்கும் அளவுகோலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

'அது மேற்குலகின் போர், நமக்கென்ன' என்று உக்ரைன் மக்களின் துயரை ஒதுக்கும் போக்கு நம்மிடையே இல்லாமல் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் மருத்துவம் படித்த நகரங்கள்தாம் அவை. அங்கே முஸ்லிம்களும் இருக்கிறார்கள். 1944இல் ஸ்டாலினால் வேரோடு பெயர்த்து நாடுகடத்தப்பட்ட கிரைமியத் தாத்தார்களின் பிள்ளைகள் இன்றும் உக்ரைனில் வாழ்கிறார்கள். ஆனால் முஸ்லிம்கள் இருப்பதால் மட்டும் அநீதி அநீதியாகிவிடுவதில்லை.

இதே தாத்தார்களின் வரலாற்றிலேயே நமக்கு ஒரு சோதனையும் இருக்கிறது. 2015 நவம்பரில் கிரைமியாவுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. ஏறத்தாழ 20 லட்சம் மக்கள் இருளில் மூழ்கினார்கள். ரஷ்ய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய தாத்தார் ஆர்வலர்கள் சிலரும் மற்றவர்களோடு சேர்ந்து பழுதுபார்ப்புப் பணியைத் தடுத்தார்கள். அவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் அந்த இருட்டில் இருந்தவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர், நோயாளிகளும் குழந்தைகளும்; அவர்களில் தாத்தார் குடும்பங்களும் உண்டு. நம்மவர் செய்தாலும் தவறு தவறுதான் என்று சொல்லும்போதுதான் பிறர் செய்யும் தவறைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வருகிறது.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமைகூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தில் எச்சரிக்கிறது. போருக்குப் புறப்பட்ட படையினரிடம் கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று அபூபக்கர் (ரலி) அறிவுறுத்தியதாக வரலாறு சொல்கிறது. மக்கள் உயிர்வாழச் சார்ந்திருப்பதை அழிக்காதே என்பதே அதன் சாரம். இன்றைய நகரத்துக்கு மின்சாரம் அப்படிப்பட்ட ஒன்று.

உக்ரைனில் மின்நிலையம் எரிந்த செய்தி அடுத்த முறை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது, அதைக் கேலியோடு பகிர்வதற்கு முன் சற்று யோசிப்போம். அங்கே ஒரு தாய் குளிரில் குழந்தையைப் போர்த்திக்கொண்டிருப்பார், ஒரு கடைக்காரர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களுக்காகவும் நாம் பேசினால்தான், காஸாவின் தாய்க்காகவும் கடைக்காரருக்காகவும் நாம் பேசும் பேச்சை உலகம் மதிக்கும்.