கலம் எவனதோ, விலையும் அவனதே!

உழவன் தான் விளைத்த நெல் முழுவதையும் களத்திலேயே விற்றுவிடுவதில்லை. விதைக்கென ஒரு பங்கும் உணவுக்கென ஒரு பங்கும் குதிரில் இட்ட பின்னரே எஞ்சியதைச் சந்தைக்கு வண்டியேற்றுவான். அடுத்த மழை தன் கையில் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். உழவன் அறிந்த இவ்வுண்மையை உலகப் பெருவணிகம் அரை நூற்றாண்டாக மறந்திருந்தது. அம் மறதிக்குரிய விலையை இந் நூற்றாண்டில் அது கொடுத்து வருகின்றது. ஆயின், மறந்தவன் ஒருவன்; விலை கொடுப்பவன் வேறொருவன். ஈண்டு எண்ணிப் பார்த்தற்குரியது இதுவே.

முன்னாளிற் சரக்குகள் மூட்டை மூட்டையாகவும் பேழை பேழையாகவும் ஆள்தோளிற் கப்பலேறின. ஒரு கப்பலை நிறைக்கவும் ஒழிக்கவும் நாட்கள் பல கழிந்தன. 1956 ஏப்பிரல் 26-இல், மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கச் சரக்குந்து வணிகர், 58 இரும்புப் பெட்டகங்களை ஒரு கப்பலில் ஏற்றி, நெவார்க்குத் துறைமுகத்தினின்று ஊசுடனுக்கு விடுத்தார். சரக்கைத் தொடாமல் பெட்டகத்தையே தூக்கி வைக்கும் அம் முறை, ஏற்றுகூலியை மிகமிகக் குறைத்தது. கடல் கடந்து பொருளனுப்புதல் எளிதாயிற்று. ஒரு நாட்டிற் பஞ்சு, ஒரு நாட்டில் நூல், ஒரு நாட்டில் ஆடை என்று தொழில் கூறுபட்டுப் பரவியது.

இதனோடு மற்றொரு முறையும் சேர்ந்தது. சப்பானின் தொயோத்தா மகிழுந்து நிறுவனம், உறுப்புகளைக் கிடங்கிற் குவித்து வையாமல், வேண்டும்பொழுது வேண்டுமளவே வரவழைக்கும் ஒழுங்கை வகுத்தது. முடங்கிக் கிடக்கும் முதல் குறைந்தது, ஊதியம் பெருகியது. அதனைக் கண்ட பிறரும், கிடங்கு என்பதே வீண்செலவு எனக் கருதத் தலைப்பட்டனர். குதிரை உடைத்துவிட்டு, நாள்தோறும் வரும் வண்டியை மட்டும் நம்பி உலை வைக்கும் வீடாயிற்று உலகம்.

வண்டி வாராத நாளும் வந்தது. 2021 மார்ச்சு 23-இல், ஏறத்தாழக் கால் கல் நீளமுள்ள எவர் கிவன் என்னும் ஒரே கப்பல், சூயசுக் கால்வாயின் குறுக்கே தரைதட்டி நின்றது. உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 விழுக்காடு செல்லும் வழி ஆறு நாள் அடைபட்டது. நூற்றுக்கணக்கான கலங்கள் இரு முனையிலும் காத்துக் கிடந்தன. 2023-இல் மழை பொய்த்துக் காத்தூன் ஏரி வற்றியமையால், பனாமாக் கால்வாயில் நாளொன்றுக்கு 36 அளவிற் கடந்த கலங்கள், 2024 தொடக்கத்தில் 24 அளவிற்குக் குறைக்கப்பட்டன. 2023 நவம்பர் முதல் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்படவே, பெருங்கலங்கள் பல ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பத்து நாள் அளவு கூடுதலாக ஓடின. ஒருவழியையே நம்பியவன், அவ்வழி அடைபட்டால் வழியற்றவனே.

இத் தடைகளின் சுமை எவன் தலையில் விழுந்தது? 2019-இல், உலகின் முதன்மைக் கடல்வழிகளில் 40 அடிப் பெட்டகம் ஒன்றை அனுப்புதற்குரிய கூலி, நிரவலாக 1,500 தாலருக்குக் குறைவு. கொரோனாக் கொள்ளைநோய்க்குப் பின், 2021 செப்டம்பரில் அது 10,000 தாலரைக் கடந்தது. கப்பலுடையார் அதுவரை காணாத ஊதியம் கண்டனர். பெட்டகக் கப்பல்களின் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பத்தே குழுமங்களின் கையில் உள்ளது. அவற்றுள் ஒன்றேனும் தமிழகத்தது அன்று. திருப்பூரிற் பின்னலாடை தைத்து முடித்தவர்களோ பெட்டகம் கிடையாமல் திண்டாடினர். ஆடைக்கு வாங்குவோன் விலை வைத்தான். கலத்திற்குக் கலமுடையான் விலை வைத்தான். இரண்டிற்கும் இடையில் நெரிபட்டவன் தைத்தவனே.

இப் பாடம் தமிழர்க்குப் புதிதன்று. 1906-இல் வ. உ. சிதம்பரனார், 10 இலக்கம் உருபா முதலில், பங்கொன்று 25 உருபாவாகப் பங்கு திரட்டிச் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். முதலில் வாடகைக் கலமே ஓட்டினார். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம், வாடகைக்கு விட்டவரை நெருக்கி அதனைத் திரும்பப் பெறச் செய்தது. வாடகைக் கலம் வாய்ச்சொல் போன்றது என்று உணர்ந்த சிதம்பரனார், காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்குவித்தார். எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, கட்டணமின்றியும் ஏற்றியது, ஏறியவர்க்குக் குடையும் கொடுத்தது. 1908-இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911-இற் சங்கமும் கலைந்தது. குடை கொடுத்தவன் கொடையாளி அல்லன். போட்டியாளன் மறைந்தபின் கூலியைத் தன் விருப்பம்போல் உயர்த்துதற்கே அவன் குடை கொடுத்தான். இன்றும் அளவிறந்து மலிந்த கூலியைக் கண்டு மகிழ்வார், அக் குடையை நினைத்தல் நன்று.

தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும் அங்கு ஏறும் பெட்டகங்களுள் மிகுதியானவை சிறுகலத்திற் கொழும்பு சென்று, ஆங்குப் பெருங்கலத்திற்கு மாற்றப்பட்ட பின்னரே மேலைநாடு செல்கின்றன. இருமுறை ஏற்றம், இருமுறை இறக்கம். கூலியும் நாளும் கூடுதல். 2025 மே 2-இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட கேரளத்து விழிஞம், இயல்பாகவே ஆழமான துறைமுகம்; அதனால் ஒரு மாற்றுவழி பிறந்துள்ளது. அண்டை நாட்டுத் துறைமுகத்தைப் பழித்தல் அறிவன்று. அது தன் கடமையைச் செய்கின்றது. தன் கரைக்கு ஆழம் தேடாமையே குறை.

கிடங்கு வைத்தால் முதல் முடங்கும், வட்டி ஏறும், சொந்தக் கலம் வாங்கினால் இழப்பு நேரும் என்று கணக்கறிந்தார் சொல்வர். மெய்தான். ஆயின், அக் கணக்கில் அடைபட்ட நாளின் இழப்பு எழுதப்படுவதில்லை. கிடங்கைக் குறைக்கக் கற்பித்த தொயோத்தாவே, 2011 நிலநடுக்கத்திற் பட்ட துன்பத்திற்குப் பின், மின்னணுச் சில்லுகளை இரண்டு முதல் ஆறு திங்களுக்கு இருப்பு வைக்குமாறு தனக்கு அளிப்போரைப் பணித்தது. அதனால், 2021 தொடக்கத்திற் சில்லுத் தட்டுப்பாட்டாற் பிறர் தொழிலகங்கள் நின்றபொழுது அது பெரும்பாலும் தாக்குப்பிடித்தது; அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே அதுவும் ஆக்கத்தைக் குறைக்க நேர்ந்தது. ஆசிரியனே பாடத்தைத் திருத்திக் கொண்டபின், மாணவன் பழைய பாடத்தை ஒப்பித்தல் பேதைமை.

எனவே, வருங்காலச் சரக்குப் போக்குவரத்து விரைவை மட்டும் வைத்து அளக்கப்படாது. தாங்கும் வலிமையையும் வைத்தே அளக்கப்படும். தமிழகத் தொழில் செய்வோர், பஞ்சும் நூலும் சாயமும் சில திங்களுக்கேனும் தாங்கும் பொதுக்கிடங்குகளைக் கூட்டாக அமைத்தல் வேண்டும். சிறியோர் தனித்தனியே கப்பற்கூலி பேசுவதை விடுத்து, ஊர்தோறும் ஒன்றுகூடிப் பேசுதல் வேண்டும். தூத்துக்குடியிற் பெருங்கலங்கள் நேரே அணையுமாறு ஆழமும் தளமும் பெருகுதல் வேண்டும். 1974-இல் தமிழக அரசு தோற்றுவித்த பூம்புகார்க் கப்பற் கழகம் அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி கொணர்தற்கு அமைந்தது; நெய்தவன் ஆடையையும் தைத்தவன் உழைப்பையும் சுமக்கும் கலங்களும் அதன்வழித் தோன்றுதல் வேண்டும்.

துறைமுகத்திற்குச் சிதம்பரனார் பெயரைச் சூட்டியாயிற்று. அவர் கேட்டது பெயரன்று, கலம்.