மூன்று கேட்சர், ஒரு சீட்

2022 டிசம்பர் 23-ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், கனடாவின் டொராண்டோ புளூ ஜேஸ் அணி கேப்ரியல் மொரேனோ என்ற 22 வயதுக் கேட்சரை அமெரிக்காவின் அரிசோனா அணிக்குக் கொடுத்துவிட்டது. கூடவே லூர்டெஸ் குரியேல் என்ற ஆட்டக்காரரையும் சேர்த்துக் கொடுத்து, பதிலுக்கு டால்டன் வார்ஷோ என்பவரை வாங்கிக்கொண்டது. அன்று தொடங்கிய வாதம் என் அக்காள் மகனுக்கும் எனக்கும் இன்னும் முடியவில்லை.

அவன் மான்ட்ரியாலில் குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த ஊருக்கென்று எக்ஸ்போஸ் என்றொரு பேஸ்பால் அணி இருந்தது. 2004 சீசன் முடிந்ததும் அது வாஷிங்டனுக்குப் பெயர்ந்துவிட்டது. பிறகு கனடாவில் மிஞ்சிய ஒரே பெரிய அணி டொராண்டோதான், இவனும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டான். நான் அங்கே போயிருந்தபோது பிரெஞ்சு வர்ணனையோடு ஆட்டம் பார்ப்பது எனக்குப் பழகிப்போனது. பள்ளியில் படித்த பிரெஞ்சு எதற்கெல்லாமோ உதவியிருக்கிறது, பேஸ்பாலுக்கும் உதவும் என்று நினைத்ததில்லை. கியூபெக்காரர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிட்சர் அவர்களுக்கு 'லான்ஸர்', கேட்சர் 'ரெஸவர்'. ரெஸவர் என்றால் நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு வரி வசூலிப்பவர் நினைவு வரும், பஸ் கண்டக்டரும் நினைவுக்கு வருவார். வந்து சேர்வதை வாங்கிக் கணக்கு வைத்துக்கொள்பவர். கேட்சரின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிட்சர் 60 அடி தூரத்திலிருந்து பந்தை எறிவார். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் முகமூடியும் மார்புக் கவசமும் போட்டுக்கொண்டு குந்தியிருப்பவர் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொல்லத் தோன்றும், ஆனால் பாதிதான் சரி. விக்கெட் கீப்பர் வருகிற பந்தைப் பிடிக்கிறார். கேட்சரோ எந்தப் பந்து வர வேண்டும் என்பதையே சொல்கிறார். வேகமா, வளைவா, உள்ளேயா, வெளியேயா என்று ஒவ்வொரு பந்துக்கும் குறிப்புக் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். தோனி ஸ்டம்புக்குப் பின்னால் நின்று சுழற்பந்துக்காரர்களுக்கு வழி சொல்வதை ஸ்டம்ப் மைக்கில் கேட்டிருப்பீர்கள். அதையே ஓர் ஆட்டத்துக்கு நூற்றுக்கும் மேல் தடவை, வருஷத்துக்கு 162 ஆட்டம் கொண்ட சீசனில் செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அணியில் பிட்சர் மட்டும் 13 பேர் வரை இருப்பார்கள். இவனுக்குக் கை தளர்ந்தால் பந்து எந்தப் பக்கம் போகும், அவனை எப்போது எழுந்துபோய்த் தட்டிக்கொடுக்க வேண்டும், எவனிடம் வாயே திறக்கக் கூடாது என்பதெல்லாம் கேட்சரின் தலைக்குள் இருக்கும். எந்தப் புள்ளிவிவரப் பலகையிலும் அது ஏறாது. பேட்டால் எத்தனை அடித்தார் என்பது ஏறும். அதனால்தான் கேட்சரை விற்பதிலும் வாங்குவதிலும் இவ்வளவு குழப்பம்.

இனி வாதத்துக்கு வருகிறேன். அன்றைக்கு டொராண்டோவிடம் கேட்சர்கள் மூன்று பேர். 2018 முதல் ஆடிவந்த டேனி ஜான்சன், வயது 27. 2020 முதல் ஆடிவந்த மெக்சிகோக்காரர் அலெஹாண்ட்ரோ கிர்க், வயது 24. ஐந்தடி எட்டங்குலம்தான், உருண்டையாக இருப்பார், பார்த்தால் விளையாட்டு வீரர் என்றே தோன்றாது. மூன்றாவது ஆள் வெனிசுவேலாவிலிருந்து வந்த மொரேனோ. மூவரிலும் திறமை அதிகம் என்று எல்லோரும் கைகாட்டியது மொரேனோவைத்தான். அவர் டொராண்டோவுக்கு ஆடியது மொத்தம் 25 ஆட்டங்கள், அதில் பேட்டிங் சராசரி .319.

"மாமா, இருக்கிறதிலேயே நல்லவனைப் போய்க் கொடுப்பானா எவனாவது? ஜான்சனைக் கொடுத்திருக்கணும்" என்பது அக்காள் மகனின் கட்சி. அடுத்த வருஷமே அவன் வாய்க்கு அவல் கிடைத்தது. 2023-இல் மொரேனோவுக்குத் தேசிய லீகின் சிறந்த தடுப்பாட்டக் கேட்சருக்கான தங்கக் கையுறை விருது. அவருடைய அரிசோனா அணி உலகத் தொடர் இறுதிவரை போய் டெக்சஸிடம்தான் தோற்றது. இங்கே டொராண்டோ பிளே ஆஃப் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் இரண்டு ஆட்டத்தில் சுருண்டது. மொரேனோவுக்குப் பதிலாக வந்த வார்ஷோவின் சராசரி .220. அந்த அக்டோபரில் போனை எடுக்கவே எனக்குப் பயம்.

அப்போதும் நான் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். மூன்று பேரில் ஒருவரைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மொரேனோவைக் கொடுத்ததுதான் சரி. அவருக்குத் திறமை குறைவு என்பதால் அல்ல. அவர் இன்னும் அந்த சீட்டில் உட்காரவில்லை என்பதால்.

இதை நான் பேஸ்பாலில் கற்கவில்லை. அரசு ஊழியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் எதைக் கற்றிருப்பேன்? டிரான்ஸ்பரைத்தான். என்னை 24 வயதில், எல்.டி.சி.யாகச் சேர்ந்த புதிதில், மாஹேக்குத் தூக்கிப் போட்டார்கள். மலையாளம் ஓர் எழுத்து தெரியாது. நான் விட்டுப்போன அலுவலகத்தில் ஒரு நாற்காலி காலியானதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. நான்தான் அங்கே போய் வேலை கற்றுக்கொண்டேன். பின்னாளில் வேறோர் அலுவலகத்தில் பென்ஷன் சீட்டில் ஒருவர் இருந்தார். எட்டு வருஷம் அதே சீட். எந்தக் கோப்பு எந்தக் கட்டில், யாருடைய சர்வீஸ் புத்தகத்தில் பிறந்த தேதி தகராறு, எந்த அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரை ஒரே உத்தரவில் ஏனாமுக்கு மாற்றினார்கள். சார்ஜ் லிஸ்ட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இத்தனை கோப்பு, இத்தனை பதிவேடு, ஒரு பீரோ, இரண்டு சாவி. புதிதாக வந்தவரும் கெட்டிக்காரர்தான், எங்களைவிடப் படித்தவர். ஆனாலும் ஆறேழு மாதம் விதவைகள் படியேறிப் படியேறி இறங்கினார்கள். அவர் தலைக்குள் இருந்ததை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை, அதனால் யாரும் அதைச் சார்ஜ் எடுக்கவும் இல்லை.

கேட்சரை மாற்றும்போதும் இதே கதைதான். வெளி மைதானத்தில் நின்று பந்தைத் துரத்திப் பிடிப்பவர் தன் காலையும் கையையும் எங்கே போனாலும் கூட எடுத்துப்போவார். கேட்சர் தன் சொத்தில் பாதியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விட்டுப்போனது வாங்கிய அணிக்கும் போய்ச் சேராது, கொடுத்த அணிக்கும் மிஞ்சாது. மொரேனோ 25 ஆட்டத்தில் சேர்த்த சொத்து கொஞ்சம். கிர்க்கும் ஜான்சனும் சேர்த்தது வருஷக்கணக்கு. விட்டுப்போவது குறைவாக இருக்கிறவரை அனுப்புவதுதானே நிர்வாகம்?

இதற்கு அவன் மடக்கியது கேரி கார்ட்டரை வைத்து. மான்ட்ரியால்காரனுக்கு அந்தப் பெயர் சாமி பெயர் மாதிரி. எக்ஸ்போஸில் பத்து வருஷம் ஆடிய கேட்சர். 1984 டிசம்பரில் அவரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து நான்கு பேரை வாங்கினார்கள். "அவரு பழம் தின்னு கொட்டை போட்டவரு. நியூயார்க் போய் இரண்டாவது வருஷமே சாம்பியன். உங்க தத்துவப்படி அவரு தடுமாறியிருக்கணுமே?" என்றான். நியாயமான கேள்விதான். என் பதில் இது: ஊறிப்போன கேட்சர் புது இடத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். நஷ்டம் அவருக்கல்ல, அனுப்பியவனுக்கு. 1986-இல் நியூயார்க் கோப்பையை வாங்கியபோது, மாற்றாக வந்த நால்வரை வைத்துக்கொண்டு மான்ட்ரியால் என்ன செய்தது? கோப்பையும் வரவில்லை, இன்னொரு கார்ட்டரும் வரவில்லை. கடைசியில் 1992-இல் அவரே திரும்பிவந்து எக்ஸ்போஸ் சட்டையோடுதான் ஓய்வு பெற்றார். ஊரே எழுந்து நின்று கை தட்டியதாம். அதைச் சொல்லும்போது அக்காள் மகனுக்கே குரல் கம்மிவிடும், அவன் மான்ட்ரியாலுக்குப் போனதே அதற்கெல்லாம் பிறகுதான் என்றாலும்.

டாட்ஜர்ஸ் கதையையும் சேர்த்துப் பாருங்கள். 2021-இல் லாஸ் ஏஞ்சலஸிடம் வில் ஸ்மித் என்ற கேட்சர் வேரூன்றத் தொடங்கியிருந்தார். அவருக்குப் பின்னால் கைபர்ட் ரூயிஸ் என்ற 23 வயதுப் பையன் காத்திருந்தான். ஸ்மித்தை வைத்துக்கொண்டு ரூயிஸையும் இன்னும் மூவரையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து, மேக்ஸ் ஷெர்சர், டிரே டர்னர் என்ற இரண்டு பெரிய புள்ளிகளை வாங்கினார்கள். அந்த வருஷம் கோப்பை கிடைக்கவில்லை, வந்த இருவரும் கொஞ்ச காலத்தில் போய்விட்டார்கள். கணக்குப் பார்த்தால் நஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஸ்மித் இருந்தார். 2024-இல் அவருக்குப் பத்து வருஷ ஒப்பந்தம், 14 கோடி டாலர்.

2025 உலகத் தொடரில் இந்த இரண்டு அணிகளும்தான் மோதின. இளம் கேட்சரைக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்த கேட்சரை வைத்துக்கொண்ட இரண்டு அணிகள். முதல் ஆட்டத்தில் டொராண்டோ ஜெயித்தபோது கிர்க்கும் ஹோம் ரன் அடித்தார், அதுவரை பழி சுமந்த வார்ஷோவும் அடித்தார். அந்த வார்ஷோ அரிசோனாவில் இருந்தபோது கேட்சராகவும் ஆடியவர். டாரன் டால்டன் என்ற பழைய கேட்சரின் நினைவாகத்தான் அவருக்கு அந்தப் பெயரே வைத்தார்கள். ஏழாவது ஆட்டத்தை டொராண்டோவுக்காகத் தொடங்கிய பிட்சர், ரூயிஸுக்குப் பதிலாக ஒரு காலத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன அதே ஷெர்சர். 11-ஆவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் அடித்த ஹோம் ரன் டொராண்டோவை வீழ்த்தியது. தொடரின் கடைசிப் பந்தை அடித்தவர் கிர்க். பேட் உடைந்து பந்து தரையில் உருண்டது, இரண்டு பேர் அவுட், 5-4 என்று கதை முடிந்தது. நமக்கு அப்போது காலை நேரம், காப்பி ஆறிப்போயிருந்தது.

"பார்த்தீங்களா, மொரேனோ இருந்திருந்தா..." என்று அவன் ஆரம்பித்தான். நான் விடவில்லை. அந்த இடம்வரை அந்த 13 பேரையும் கூட்டிவந்தது யார்? மொரேனோ 2024, 2025 இரண்டு வருஷமும் காயத்தால் பல வாரம் வெளியே இருந்தார். அதை நான் வாதத்துக்கு எடுப்பதில்லை, எலும்பு முறிவுக்கு யார் பொறுப்பு? ஆனால் 2025 மார்ச்சிலேயே டொராண்டோ கிர்க்குக்கு ஐந்து வருஷ நீட்டிப்புக் கொடுத்தது, 5 கோடியே 80 லட்சம் டாலர். அந்தக் கையெழுத்தைப் போட்டவர்களுக்கு நான் சொல்வது தெரிந்திருக்கிறது.

ஜான்சன் என்னவானார் என்று கேட்பீர்கள். அவரை 2024 ஜூலையில் பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதம் பாஸ்டனில் டொராண்டோவுக்காக அவர் பேட் செய்துகொண்டிருந்தபோது மழை வந்து ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. ஆகஸ்டில் அதே ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தபோது, பாஸ்டனின் கேட்சராகக் குந்தியிருந்தவர் அவரே! பெரிய லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் ஆடிய முதல் ஆள். அவர் பாதியில் விட்ட பேட்டைப் பிடிக்க வந்தவர் வார்ஷோ.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தல். பத்து வருஷ சர்வீஸும், அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியிலும் இருந்தவர்தான் 'போக மாட்டேன்' என்று சொல்ல முடியும். 22 வயதுப் பையனுக்கு வாயே கிடையாது. நமக்காவது மனு கொடுக்கும் வழி இருந்தது, அது குப்பைக்குப் போனாலும். கர்ட் ஃபிளட் என்பவர் 1969-இல் தன்னை மாற்றியதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 1972-இல் 5-3 என்று தோற்றார். ஆனாலும் பின்னால் ஆட்டக்காரர்களுக்குக் கொஞ்சமாவது உரிமை வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. ஆகவே கொடுப்பது சரி என்று நான் சொல்வது அணியின் பக்கம் நின்று சொல்வது. பையனின் பக்கம் நின்றால் மாஹே பஸ்ஸில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ராத்திரிதான் நினைவுக்கு வருகிறது.

இந்த 2026 சீசன்முதல் இன்னொரு மாற்றம். ஓரமாக வரும் பந்தைக் கையுறையை நாசூக்காக நகர்த்தி வாங்கி, நல்ல பந்து என்று அம்பயரை நம்பவைப்பது கேட்சரின் பழைய வித்தை. இனி சந்தேகம் வந்தால் கேமராவிடம் அப்பீல் செய்யலாம், ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. வித்தைக்கு மவுசு குறையும், கேட்சரின் விலையும் இறங்கும் என்கிறான் அக்காள் மகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பீல் செய்யும் உரிமை மூன்று பேருக்குத்தான்: பேட்ஸ்மேன், பிட்சர், கேட்சர். பந்தை நேர் எதிரே பார்ப்பவர் கேட்சர், ஆகவே எந்தப் பந்துக்கு வாய்ப்பைச் செலவழிப்பது என்ற கணக்கும் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். ரெஸவர் வேலை கூடத்தான் போகிறது.

போன வாரம் பேசும்போது கேட்டான்: "சரி மாமா, இப்ப யாராவது அரிசோனாகிட்ட மொரேனோவைக் கேட்டா, கொடுக்கலாமா?"

கூடாது என்றேன். அரிசோனாவில் அவர் உட்கார்ந்தாகிவிட்டது.